ஏர் ஃபில்டரில் என்ஜின் ஆயில்: என்ஜினை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 17 வயதான பெட்ரோல் கார், 1,80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஆயில். ஃபில்டரை மாற்றினார்கள், இரண்டே மாதத்தில் புது ஃபில்டரும் நனைந்துவிட்டது. ஒரு மெக்கானிக் "ரிங் போச்சு, என்ஜினை இறக்கணும்" என்கிறார். இன்னொருவர் "ப்ரீதர் பைப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிடலாம், அப்புறம் ஃபில்டர் நனையாது" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். முதலாமவர் சொல்வது, அதாவது பிஸ்டனைச் சுற்றி வாயுவை அடைத்துப் பிடிக்கும் ரிங் தேய்ந்துவிட்டது என்பது, உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் சொல்லியிருக்கிறார். இரண்டாமவர் சொல்வது போல, என்ஜின் மூச்சுவிடும் குழாயான ப்ரீதரைக் கழற்றிவிட்டால் நோய் அப்படியே இருக்கும், நோய் இருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்கு ஆயில் தானாக நடந்து வருவதில்லை. என்ஜினுக்குள் இருக்கும் காற்றழுத்தம்தான் அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்த அழுத்தம் ஏன் கூடியது, அல்லது அது போக வேண்டிய வழி எங்கே அடைந்தது என்பதைத்தான் தேட வேண்டும். பெரும்பாலும் அடைப்புதான் காரணமாக இருக்கும். அதைச் சரிசெய்ய என்ஜினை இறக்கத் தேவையில்லை.

எந்த என்ஜினிலும், புத்தம் புதிதாக இருந்தாலும்கூட, பிஸ்டன் ரிங் நூற்றுக்கு நூறு அடைக்காது. எரியும் வாயுவில் கொஞ்சம் ரிங்கைத் தாண்டி, கீழே கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் இதை 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். அந்த வாயுவில் நீராவி இருக்கும், எரியாத பெட்ரோல் இருக்கும், அமிலத் தன்மையுள்ள புகையும் இருக்கும். கீழே கிராங்க் சுழலும்போது ஆயில் பனிமூட்டம் போலத் தெறித்துக்கொண்டிருக்கிறது. அந்த மூட்டத்தோடு இந்த வாயு கலந்துவிடும். வெளியே போக வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைப் பிதுக்கித் தள்ளிவிடும். அதனால் என்ஜின் மூச்சுவிட ஒரு வழி வைத்தே ஆக வேண்டும். 1960-களுக்கு முந்தைய வண்டிகளில் ஒரு குழாயைத் தரையை நோக்கித் தொங்கவிட்டிருப்பார்கள். புகை நேராக ரோட்டுக்குப் போகும். பிறகு காற்று மாசு பற்றிய அக்கறை வந்ததும், அந்தப் புகையை மறுபடி என்ஜினுக்குள்ளேயே இழுத்து எரித்துவிடும் ஏற்பாடு வந்தது. அதன் நடுவில் இருக்கும் சின்னப் பொருள்தான் பி.சி.வி. (பாசிட்டிவ் கிராங்க் கேஸ் வென்டிலேஷன்) வால்வ்.

உங்கள் மாதிரி காரில், சிலிண்டர்களுக்கு மேல் உள்ள ஹெட்டை மூடும் டேப்பட் கவரிலிருந்து இரண்டு குழாய்கள் கிளம்பும். ஒன்று பி.சி.வி. வால்வ் வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். மற்றொன்று, அதாவது ப்ரீதர் குழாய், ஏர் ஃபில்டர் பெட்டிக்கோ, பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) நடுவே உள்ள பெரிய குழாய்க்கோ போகும். இந்த இரண்டாவது குழாய் ஆயில் வெளியேறுவதற்காக வைத்ததல்ல என்பதைக் கவனியுங்கள். சாதாரண ஓட்டத்தில் காற்று இதற்குள் எதிர்த்திசையில்தான் போகும்: ஃபில்டரில் சுத்தமான காற்று இந்தக் குழாய் வழியாக என்ஜினுக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் புகையை அடித்துக்கொண்டு, பி.சி.வி. வழியாக மேனிஃபோல்டுக்குப் போகும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து மேடு ஏறும்போது மட்டும் மேனிஃபோல்டில் உறிஞ்சு சக்தி குறைந்துவிடும், பேக் கம்ப்ரஷனோ கூடும். அப்போது மிச்சம் உள்ள புகை ஃபில்டர் பக்கம் திரும்பும். அதனால்தான் நல்ல என்ஜினிலும் அந்தக் குழாய் வந்து சேரும் இடத்தில் லேசான எண்ணெய்ப் பசை இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இப்போது பி.சி.வி. வால்வ் பிசினேறி மூடிய நிலையில் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை போக மிச்சம் இருப்பது ஒரே வழி, ஃபில்டர் பெட்டி. எப்போதோ ஒருமுறை திரும்ப வேண்டிய புகை, வண்டி ஓடும் நேரமெல்லாம் அங்கேயே வந்து இறங்கும். ரிங் தேய்ந்த என்ஜினிலும் இதே காட்சிதான் தெரியும். பெட்டியைத் திறந்து பார்த்து மட்டும் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. உங்களுக்கு "ரிங் போச்சு" என்று சொன்னவர் இங்கேதான் அவசரப்பட்டிருக்கிறார்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு சின்ன விஷயம். மிகப் பழைய ஜீப், லாரி, டிராக்டர் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கலாம். அவற்றில் பல 'ஆயில் பாத்' வகை ஏர் கிளீனரோடு வந்தவை. அடியில் ஒரு கிண்ணத்தில் ஆயில் ஊற்றி, காற்று அதன் மேல் மோதித் தூசியை விட்டுவிட்டுப் போகும்படி அமைத்திருப்பார்கள். அங்கே ஆயில் இருந்தே ஆக வேண்டும். கிண்ணத்தில் உள்ள கோட்டுக்கு மேல் ஊற்றியிருந்தால்தான் தப்பு. என்ஜின் அதை உறிஞ்சிவிடும். அதே மாதிரி சில பைக்குகளின் ஸ்பாஞ்சு ஃபில்டரையும் ஆயில் தடவிப் பிழிந்துதான் மாட்ட வேண்டும். உங்கள் காரில் இருப்பது காகித ஃபில்டர், அதில் ஆயிலுக்கு வேலை இல்லை.

சரி, பெட்டியைத் திறந்து ஆயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஃபில்டருக்கு ஒரு அழுக்குப் பக்கம், ஒரு சுத்தமான பக்கம். வெளிக்காற்று முதலில் படுவது அழுக்குப் பக்கம்; என்ஜினை நோக்கி இருப்பது சுத்தமான பக்கம். சுத்தமான பக்கத்தில், அதுவும் ப்ரீதர் குழாய் வந்து சேரும் துளைக்கு நேர் கீழே ஆயில் தேங்கியிருந்தால், அது ப்ரீதர் வழியாக வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். சில வண்டிகளில் குழாய் பெட்டிக்கு வெளியே, பெரிய காற்றுக் குழாயில் சேரும். வண்டியை நிறுத்தியதும் அங்கே தேங்கிய ஆயில் சரிவில் வழிந்து பெட்டிக்குள் வரும். அழுக்குப் பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால், அது வெளியிலிருந்து வந்த ஆயிலாகவோ மழைத்தண்ணீராகவோ இருக்கலாம். விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். ஆயில் என்றால் வழுக்கும், என்ஜின் ஆயிலின் கருகல் வாசம் வரும்.

அடுத்து டிப் ஸ்டிக், ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி. இதைச் சொன்னால் "அதெல்லாம் பார்த்தாச்சு" என்பார்கள். ஆனால் நான் பார்த்த வண்டிகளில் நிறைய இந்த இடத்திலேயே முடிந்திருக்கின்றன. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், கிராங்கின் எடைக்கட்டைகள் ஆயிலை அடித்து நுரையாக்கும். அந்த நுரை புகையோடு ஏறி ஃபில்டருக்கு வரும். ஆயில் மாற்றும்போது பழையதை முழுக்க வடிய விடாமல், புத்தகத்தில் போட்டிருக்கும் முழு அளவையும் ஊற்றிவிடுவது வழக்கமாக நடக்கும் தப்பு. கூடுதலாக இருப்பதை வடித்துவிட்டால் வேலை முடிந்தது.

ஊற்றியது சரியான அளவுதான், ஆனாலும் ஆயில் மட்டம் நாளாக நாளாக ஏறுகிறது என்றால், அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஆயில் தானாகக் கூடாது. அதோடு வேறு ஏதோ கலக்கிறது. டிப் ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால், கார்புரேட்டர் வண்டியில் மிதவை ஊசி அடைக்காமல் பெட்ரோல் வழிகிறது, அல்லது என்ஜினோடு ஒட்டியிருக்கும் பழைய வகைப் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் (என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குகிறது. இன்ஜெக்டர் வண்டியில் ஏதோ ஒரு இன்ஜெக்டர் சொட்டுகிறது. பெட்ரோல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் எளிதில் ஆவியாகும், பேரிங்கையும் ரிங்கையும் காக்காது. இந்த நிலையில் வண்டியை ஓட்டாமல், கசிவை நிறுத்தி, ஆயிலை மாற்றிவிட்டுத்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

மட்டம் சரியாக இருந்தால் அடுத்தது பி.சி.வி. உங்களுக்கான பதிலில் முக்கியமான இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வால்வ் பெரும்பாலும் டேப்பட் கவரில் ஒரு ரப்பர் வளையத்துக்குள் செருகியிருக்கும், பெருவிரல் பருமன்தான். என்ஜினை ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) ஓடவிட்டு, வால்வை ரப்பரிலிருந்து மெதுவாக உருவுங்கள், குழாய் அதில் மாட்டியே இருக்கட்டும். 'ஸ்ஸ்' என்று சத்தம் வர வேண்டும். விரல் நுனியால் வால்வின் வாயை மூடினால் விரலை உறிஞ்சிப் பிடிக்க வேண்டும், உள்ளே 'டிக்' என்று ஒரு தட்டலும் கேட்கலாம். உறிஞ்சவே இல்லை என்றால் வால்வ் அடைத்திருக்கிறது, அல்லது மேனிஃபோல்டுக்குப் போகும் குழாய் அடைத்திருக்கிறது. என்ஜினை அணைத்து வால்வைத் தனியே கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே இருக்கும் ஊசி கலகலவென்று ஆட வேண்டும். சத்தம் வரவில்லை என்றால் வால்வ் போய்விட்டது. சத்தம் வந்தாலும் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் என்பதால், குலுக்கலை மட்டும் நம்பி நல்ல வால்வ் என்று முடிவு கட்டாதீர்கள். பழைய வண்டியில் இதைப் புதிதாக மாற்றிவிடுவதே என் வழக்கம். ஆனால் அந்த என்ஜினுக்கு உரிய வால்வைத்தான் போட வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே துளை அளவும் ஸ்பிரிங்கின் விறைப்பும் என்ஜினுக்கு என்ஜின் மாறும்.

வால்வ் திறந்த நிலையில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது ஃபில்டர் சுத்தமாக இருக்கும். ஆயில் மேனிஃபோல்டு பக்கம் போய் எரியும், ஐடில் ஆடும், சைலன்சரில் நீலப்புகை வரும். ஃபில்டர் நனைகிறது என்பதால் உங்களுடையது இந்த வகை அல்ல.

இங்கே ஒரு வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிராங்கின் பின்பக்க ஆயில் சீலை வேறு இடத்தில் இரண்டு முறை மாற்றிவிட்டு என்னிடம் வந்தது. ஒவ்வொரு தடவையும் கியர்பாக்ஸை இறக்கித்தான் அந்த சீலை மாற்ற முடியும். மாற்றிய சில வாரங்களில் மறுபடி ஒழுகும். ஃபில்டரும் நனைந்திருந்தது. "சீலே சரியில்லை" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்றி, ஒரு காகிதத் துண்டை அந்தத் துளையின் மேல் வைத்தேன். ஐடிலிலேயே காகிதம் எழும்பிப் பறந்தது. பி.சி.வி.யைக் கழற்றிக் குலுக்கினால் சத்தம் இல்லை. மண்ணெண்ணெயில் அரை மணி ஊறவைத்ததும் தார் மாதிரி ஒரு கறுப்புக் கூழ் வெளியே வந்தது. புது வால்வ் போட்டேன். காகிதம் பறப்பது குறைந்ததே தவிர நிற்கவில்லை. அப்புறம்தான் குழாயைச் சந்தேகப்பட்டேன். வெளியே பார்த்தால் விரிசல் கூட இல்லை. கத்தியால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தபோது, உள் அடுக்கு ஆயிலில் ஊறி உப்பி, நடுவே ஒரு குண்டூசி போகும் அளவுக்குத்தான் துளை மிஞ்சியிருந்தது. அதையும் மாற்றிய பிறகு அதே காகிதத்தை வைத்தேன். மெல்ல உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டது. சீலின் மேல் கை வைக்கவே இல்லை, ஒழுகல் தானாக நின்றது. சீல் இத்தனை நாளும் அழுத்தம் தாங்காமல்தான் ஒழுகியிருக்கிறது.

ஆகவே குழாய்களைக் கழற்றாமல் "நல்லாத்தான் இருக்கு" என்று விடாதீர்கள். இரண்டு குழாய்களையும் கழற்றி ஒரு முனையில் ஊதிப் பாருங்கள். மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு மாட்டலாம். தொட்டால் பிசுபிசுவென்று மெத்தென்றிருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஆயில், பெட்ரோல் தாங்கும் ரப்பர் குழாய்தான் வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர்க் குழாயை வெட்டி மாட்டினால் ஆயில் பட்டு இளகி, சூட்டில் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். குழாய் சேரும் உலோகக் காம்புகளையும் கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள், அங்கேயும் கரி கட்டியிருக்கும்.

வால்வும் குழாயும் நன்றாக இருந்தும் ஃபில்டர் நனைந்தால், டேப்பட் கவரைக் கழற்ற வேண்டும். கவரின் உள்பக்கம், ப்ரீதர் காம்புக்கு அடியில் ஒரு தகட்டுத் தடுப்பு இருக்கும். புகை அதில் மோதி வளைந்து வரும்போது ஆயில் துளிகள் பிரிந்து கீழே விழ வேண்டும். புகை மட்டும் மேலே போக வேண்டும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட என்ஜின்களில் இந்தத் தடுப்பு முழுக்கக் கறுப்புப் பிசின் அடைத்துவிடும். அப்புறம் ஆயில் அப்படியே குழாய்க்குள் ஏறும். கவரை ஊறவைத்துக் கழுவுங்கள். தகடு ஒட்டியே இருக்கும் வகையென்றால் ஒரு இரவு ஊறட்டும்.

கவர் திறந்திருக்கும்போதே ஹெட்டில் ஆயில் கீழே இறங்கும் துளைகளையும் பாருங்கள். மேலே பம்ப் ஏற்றும் ஆயில் அந்தத் துளைகள் வழியாகத்தான் சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். அவை அடைந்தால் ஹெட்டில் ஆயில் குளம் கட்டி, ப்ரீதர் அதை மொண்டுகொண்டு போகும். பிசினைச் சுரண்டும்போது துண்டுகள் துளைக்குள் விழாமல் துணி வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். சம்ப்பில் விழுந்த பிசின் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்தால், சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். திரும்ப மாட்டும்போது கவர் பேக்கிங்கைப் புதிதாகப் போடுங்கள்.

ஏர் ஃபில்டரே தூசியில் அடைந்திருந்தாலும் ஆயில் கூடுதலாக வரும். என்ஜினுக்குப் போதுமான காற்று வராதபோது ஃபில்டருக்குப் பின்னால் உறிஞ்சு சக்தி கூடும். அது ப்ரீதர் வழியாக ஆயில் மூட்டத்தையும் சேர்த்து இழுக்கும். ஆயிலில் நனைந்த ஃபில்டர் தூசியை இன்னும் வேகமாகப் பிடிக்கும் என்பதால் இது ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரிங்கின் பேச்சை எடுக்க வேண்டும். அதையும் ஊகத்தில் அல்ல, அளந்து பார்த்துச் சொல்ல வேண்டும். என்ஜின் சூடாக இருக்கும்போது ஐடிலில் ஆயில் மூடியைக் கழற்றி அதே வாயில் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால், புகை விட்டு விட்டுக் குப் குப்பென்று வந்தால், பேக் கம்ப்ரஷன் நிஜமாகவே அதிகம். சில என்ஜின்களில் மூடிக்கு நேர் கீழே, என்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம் சுழன்று காற்றை அடிக்கும், ஆயிலும் தெறிக்கும். அதனால் இதை ஒரு அறிகுறியாக மட்டும் எடுத்துக்கொண்டு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள்.

கம்ப்ரஷன் பார்ப்பதற்கும் முறை இருக்கிறது. என்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும், இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்திருக்க வேண்டும், ஆக்சிலரேட்டர் முழுக்க அழுத்தியிருக்க வேண்டும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் பார்த்தால் காற்று உள்ளே போகாமல் நல்ல என்ஜினும் மோசமாகக் காட்டும். பெட்ரோல் என்ஜின்களில் பெரும்பாலும் 10 முதல் 13 பார் வரை, அதாவது ஏறக்குறைய 150 முதல் 190 பி.எஸ்.ஐ. வரும். உங்கள் வண்டிக்கான எண் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். மொத்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் எனக்கு முக்கியம். நான்கும் கொஞ்சம் குறைவாக ஆனால் ஒரே மாதிரி இருந்தால், வயதான ஆரோக்கியமான என்ஜின். மூன்று 11, ஒன்று 7 என்றால் அந்த ஒன்றில் கோளாறு.

குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் நன்றாக ஏறினால் தேய்ந்திருப்பது ரிங்கும் போரும் (சிலிண்டரின் உள்சுவர்). ஆயில் தற்காலிகமாக அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. ஏறவே இல்லை என்றால் ஹெட்டில் உள்ள என்ஜின் வால்விலோ ஹெட் பேக்கிங்கிலோ கசிகிறது, அதற்காக ரிங் மாற்றினால் பணம்தான் வீண். டீசல் என்ஜினில் இந்த ஆயில் விடும் சோதனை வேண்டாம். அதில் எரியறை மிகச் சிறியது என்பதால் எண் பொய்யாக ஏறும், சேதமும் ஆகலாம். இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால், பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றைப் பிளக் துளை வழியாக விட்டுக் காதை வைத்துக் கேட்பார்கள். ஆயில் மூடி வாயில் காற்று இரைந்தால் ரிங். சைலன்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வ், த்ராட்டில் பக்கம் இரைந்தால் இன்டேக் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் பேக்கிங்.

வால்வ் ஸ்டெம் சீல், அதாவது என்ஜின் வால்வின் தண்டைச் சுற்றி இருக்கும் சீல், பற்றி ஒரு வார்த்தை. ஃபில்டரில் ஆயில் என்றதும் சிலர் அதை மாற்றச் சொல்வார்கள். அந்த சீல் போனால் ஆயில் எரியறைக்குள் இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று நீலப்புகை வந்து நின்றுவிடும். ஃபில்டர் பெட்டிக்கு ஆயில் வர அது காரணமாக இருக்காது. நேர்மாறாக, ஓடும்போது ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க நீலப்புகை தொடர்ந்து வந்தால் சந்தேகம் ரிங் பக்கம் போக வேண்டும்.

ரிங்தான் என்று உறுதியானாலும் உடனே இறக்கத் தேவையில்லாத ஒரு நிலை உண்டு. குறைந்த தூரமே ஓடும், நீண்ட நாள் நிற்கும் வண்டிகளில் ரிங் தேயாமல், கரி பிடித்துப் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். அப்போது பிளக்கைக் கழற்றி, கார்பன் கரைக்கும் திரவத்தை ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் விட்டு இரவு முழுக்க ஊறவைப்பேன். மறுநாள் பிளக் மாட்டும் முன் துளைகளைத் துணியால் மூடி என்ஜினைச் சுழற்றி மீதியை வெளியேற்ற வேண்டும். அப்படியே மாட்டி ஸ்டார்ட் செய்தால் திரவம் நசுங்க இடமில்லாமல் கனெக்டிங் ராட் வளையும். பிறகு ஆயிலை மாற்றி, அடுத்த இரண்டு மாற்றங்களைப் பாதி தூரத்திலேயே செய்ய வேண்டும். எல்லா வண்டியிலும் பலிக்காது. ஆனால் சில என்ஜின்களில் ஒரு சிலிண்டரின் கம்ப்ரஷன் திரும்பி வந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன். முயன்று பார்க்காமல் என்ஜினைப் பிரிப்பது எனக்கு மனம் ஒப்பாத வேலை.

இப்போது அந்த இரண்டாவது யோசனை, பைப்பைக் கீழே விடுவது. ஃபில்டர் நனையாது, உண்மைதான். ஆனால் சுத்தமான காற்று என்ஜினுக்குள் போன வழி இப்போது ரோட்டுத் தூசியை உறிஞ்சும் வழியாகிவிடும். மேனிஃபோல்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும் வரை அந்தத் திறந்த முனை வழியாக மண் நேராக ஆயிலுக்குள் போகும். வண்டிக்குள் புகை நாற்றம் வரும், பல நாடுகளில் சட்டப்படியும் தப்பு. இதைவிட மோசமானது குழாயை மூடி அடைத்துவிடுவது. அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். டிப் ஸ்டிக் துள்ளி வெளியே வரும், ஆயில் சீல்கள் ஒவ்வொன்றாக ஒழுக ஆரம்பிக்கும். ரிங் வேலைக்கு இப்போது வசதியில்லை, சில மாதம் ஓட்டியாக வேண்டும் என்றால், ப்ரீதர் குழாய்க்கும் ஃபில்டர் பெட்டிக்கும் நடுவில் ஆயில் பிடிக்கும் டப்பா ஒன்றை மாட்டலாம். உள்ளே தடுப்போ எஃகு நார்ச் சுருளோ இருப்பதாகப் பாருங்கள். வெறும் டப்பா என்றால் மூட்டம் அப்படியே கடந்து போய்விடும். வாரம் ஒருமுறை வடியுங்கள். குளிர் பிரதேசங்களில் உள்ளே தண்ணீர் உறைந்து வழி அடையும் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும்.

டீசல் வண்டிக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. பழைய டீசல்களில் மேனிஃபோல்டில் உறிஞ்சு சக்தி கிடையாது. ப்ரீதர் நேராக ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே சேரும். டர்போ வாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. ஆயில் தேங்கினால் ப்ரீதரில் உள்ள டயஃப்ரம், ஆயில் பிரிப்பான் இரண்டையும் முதலில் பாருங்கள். டர்போவின் சீல் தேய்ந்திருந்தால் அழுத்தக் காற்று அதன் ஆயில் திரும்பும் குழாய் வழியாகச் சம்ப்புக்கு இறங்கி, ரிங் போன மாதிரியே காட்டும். ஏர் பிரேக் லாரியில் தேய்ந்த கம்ப்ரஸரும், ஆல்டர்னேட்டரோடு வரும் பிரேக் வாக்யூம் பம்பும் இதே ஏமாற்று வேலையைச் செய்யும்.

டீசலில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. காரணம், டீசல் என்ஜினுக்கு ஆயிலும் ஓர் எரிபொருள்தான். காற்று வழியில் தேங்கிய ஆயிலை அது மொத்தமாக உறிஞ்சிவிட்டால், ஆக்சிலரேட்டரில் கால் இல்லாமலே வேகம் ஏறிக்கொண்டே போகும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் சாவி நிறுத்துவது டீசலை, என்ஜின் குடிப்பது ஆயிலை. கியர் வண்டியென்றால் பிரேக்கை முழுக்க அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் போட்டு கிளட்ச்சை விட்டு அணைக்கப் பாருங்கள். முடியாவிட்டால் எல்லாரும் விலகி நில்லுங்கள். காற்று வாயைக் கையால் பொத்தப் போகாதீர்கள், கையையே இழுத்துவிடும்.

பைக்கில் விஷயம் சுலபம். ப்ரீதர் நேராக ஏர்பாக்ஸுக்கு வரும், அதன் அடியில் மூடி போட்ட ஒரு சின்ன வடிகுழாய் இருக்கும். சர்வீஸில் அதை வடிக்காமல் விட்டால் நிறைந்து ஃபில்டரைத் தொடும். முக்கால்வாசி நேரம் காரணம் ஆயில் கூடுதலாக ஊற்றியது.

உங்கள் காருக்கு வருவோம். ஆயில் மட்டம், பி.சி.வி., இரண்டு குழாய், டேப்பட் கவர் தடுப்பு என்று இந்த வரிசையிலேயே போங்கள். வேலை முடிந்த பிறகுதான் ஃபில்டர் பெட்டியையும் காற்றுக் குழாயையும் துடையுங்கள். காகித ஃபில்டரைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடாதீர்கள். நனைந்த காகிதம் திரும்பாது, புதிதுதான் போட வேண்டும். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்யுங்கள். காற்றளவு சென்சார் இருக்கும் வண்டியென்றால் அதற்கென்றே உள்ள ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள், கம்பியைத் தொட வேண்டாம். ஆயில் படிந்த சென்சார் காற்றைத் தப்பாக அளந்து மைலேஜைக் குறைத்திருக்கும்.

புது ஃபில்டரின் ஓரத்தில் தேதியையும் கி.மீ.யையும் பேனாவால் எழுதிவிடுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் எந்த இடத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 500 கி.மீ.யில் ஒருமுறை, 1000 கி.மீ.யில் ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். ப்ரீதர் வாயருகே காசளவு கறை மட்டும் இருந்து, ஆயில் மட்டமும் அநேகமாக அங்கேயே நின்றால் வண்டியை நிம்மதியாக ஓட்டலாம். மறுபடி நனைந்து, 1000 கி.மீ.க்குள் அரை லிட்டருக்கு மேல் ஆயிலும் குறைந்திருந்தால், நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் எண்களையும், ஆயில் விட்டுப் பார்த்த எண்களையும் எழுதி அனுப்புங்கள். என்ஜினை இறக்குவதா வேண்டாமா என்பதை அவற்றை வைத்துச் சொல்கிறேன்.